கவாத்து நாள் கேட்டுக் கிளம்புங்கள்: கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கும் பன்னீர் திராட்சை எங்கே விளைகிறது என்று கேட்டால், பாலக்கரையில் பலர் யோசிக்காமல் “கொடைக்கானல்” என்பார்கள். மலைப்பக்கத்துப் பழம் என்றாலே நமக்குக் கொடைக்கானல்தான். ஆனால் இந்தப் பழம் மலை உச்சியில் விளைவதில்லை, மலையடியில் விளைகிறது. தமிழ்நாட்டுப் பன்னீர் திராட்சையில் ஏறக்குறைய 85 சதவீதம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலைகள், நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 10 கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கர். ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயருக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை பெரிய எஸ்டேட்டுகள் அல்ல. ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு ஏக்கர், அதில் ஒரு பந்தல், ஓரத்தில் மோட்டார் கொட்டகை, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது இந்தத் தோட்டங்களைத்தான். அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் 215 கிலோமீட்டர் போனது வீணாகாது.

எந்த மாதம் போகலாம்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டியது இது அல்ல. மாம்பழத்துக்குச் சித்திரை, பலாவுக்கு ஆனி என்பதைப் போல இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு ஒரே ஒரு பருவம் கிடையாது. ஒரு தோட்டத்தில் பழம் அறுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டம் இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கும். சாலையில் ஐந்நூறு அடி தள்ளி இறங்கியதால் ஒன்றும் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு.

காரணம், கவாத்து. திராட்சைக்கொடி தானாகக் காய்த்துத் தள்ளாது. முற்றிய கிளையில் நான்கைந்து மொட்டு விட்டு மீதியை வெட்டி எறிய வேண்டும். வெட்டுக்குப் பிறகு வரும் புதுத் துளிரில்தான் பூங்கொத்து வைக்கும். ஐரோப்பாவில் இந்த வேலையில் பாதியைக் குளிர்காலமே செய்துவிடுகிறது. கொடி இலை உதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடியை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. எனவே எப்போது வெட்டுகிறார்களோ அப்போதுதான் அந்தக் கொடிக்கு வருஷப் பிறப்பு. இரண்டு ஆண்டில் ஐந்து அறுப்பு எடுக்கும் விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மட்டும் பழம் வரும்போது, கம்பத்திலிருந்து ஆண்டு முழுக்க லாரி கிளம்புவது இதனால்தான்.

ஆகவே போனில் பேசினாலும் நேரில் கேட்டாலும் உங்கள் முதல் கேள்வி, “கவாத்து வெட்டி எத்தனை நாள் ஆச்சுண்ணே?” என்பதாக இருக்கட்டும். கிடைக்கும் பதிலை வைத்து எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். பத்துப் பதினைந்து நாள் என்றால் துளிர் வெடிக்கும் நேரம். நாற்பது நாளை ஒட்டி என்றால் பூ. பூ என்றதும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கடுகு மணிபோலப் பச்சையாக இருக்கும், கிட்டப் போனால் மெல்லிய வாசனை வரும். தொண்ணூறு நாள் வாக்கில் பச்சைக்காய் நிறம் மாறத் தொடங்கும். ஒரே கொத்தில் பச்சை, செம்பு, ஊதா, கறுப்பு நான்கும் தெரிவது அப்போதுதான். படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் அந்த வாரத்தைப் பிடிக்க வேண்டும். நான்கு மாதம் நெருங்கிவிட்டது என்றால் அறுப்பு.

கேட்பவருக்குக் கவாத்து நாள் தெரிந்திருக்கிறது என்றால் தோட்டக்காரரின் பேச்சும் மாறிவிடும். “பழம் இருக்கா?” என்று கேட்பவர் அவருக்கு டூரிஸ்ட். இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் உட்கார்ந்து பேசுவார்.

மாதம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி. குளிர்ச்சி இருக்கும், பழத்துக்கு இனிப்பு ஏறும். ஆனால் அதே நாட்களில் சபரிமலை சீசன். தேனியிலிருந்து குமுளி வரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் நெருக்கும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை வலுத்த ஐப்பசியைத் தவிர்ப்பது நல்லது. பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் பழம் வெடிக்கும், பூசணம் ஏறும், தோட்டக்காரர் கவலையில் இருப்பார். அந்த நேரத்தில் போய் நின்று செல்ஃபி எடுப்பது அழகல்ல.

போகும் வழி

காரில் என்றால் பாலக்கரையிலிருந்து மன்னார்புரம், கருமண்டபம், ராம்ஜி நகர் வழியாகத் திண்டுக்கல் சாலையைப் பிடியுங்கள். மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை தாண்டித் திண்டுக்கல் சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். திண்டுக்கல்லிலிருந்து குமுளி வரை ஒரே தேசிய நெடுஞ்சாலை, எண் 183. ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலைகள் வந்துவிட்டதால் செல்போன் சொல்லும் வழியிலேயே போனால் ஊர் கண்ணில் படாது. டீ குடிக்க நினைப்பவர்கள் ஊருக்குள் திரும்பிக்கொள்ளுங்கள். இடையில் நிற்பதையும் சேர்த்து ஐந்து ஐந்தரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சாலையே ஒரு புவிசார் குறியீட்டு ஊர்வலம். மணப்பாறை முறுக்கு, திண்டுக்கல் பூட்டு, வலப்பக்கம் கொடைக்கானல் மலைப்பூண்டு, கடைசியில் நம் திராட்சை. முறுக்கை மட்டும் திரும்பும்போது வாங்குங்கள். போகும்போது வாங்கினால் வத்தலக்குண்டு தாண்டாது.

பேருந்தில் போகிறவர்கள் 2025 முதல் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போக வேண்டும். தேனி, குமுளிப் பக்கம் நேர் பேருந்து கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திண்டுக்கல்லில் மாறலாம். ரயிலை நம்ப வேண்டாம். போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை வந்திருக்கிறது, ஆனால் கம்பத்துக்குத் தண்டவாளமே இல்லை. சென்னையிலிருந்து போடி போகும் வண்டியும் சேலம், கரூர் வழியாகப் போவதால் திருச்சியைத் தொடாது.

முக்கியமான யோசனை: முதல் நாள் மதியம் கிளம்பி, இரவு கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ தங்கிவிடுங்கள். அறுப்பு விடியற்காலையில் நடக்கும். சூடு ஏறிய பழம் வண்டியில் தாங்காது என்பதால் வெயில் வருவதற்குள் பெரும்பகுதியை வெட்டி முடித்துவிடுவார்கள். சுருளிப்பட்டிக்குக் கிழக்கே மலை நிற்பதால் வெயில் தாமதமாகத்தான் இறங்கும். அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. காலையில் பாலக்கரையில் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் காலி டிரேக்களையும் தூங்கும் நாயையும் பார்க்கலாம்.

எந்தத் தோட்டம்?

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையிலும் கூடலூர்ப் பக்கத்திலும் மலையாளத்தில் பலகை வைத்த தோட்டங்களைப் பார்ப்பீர்கள். தேக்கடிக்கு வரும் கேரளத்துக் குடும்பங்கள் மலையிறங்கி இங்கே வருவது இன்று வழக்கமாகிவிட்டது. வாசலில் ஜூஸ் கடை, ஜாம், பழ விற்பனை எல்லாம் இருக்கும். குழந்தைகளோடு அரைமணி நேரம் கழிக்க மோசமில்லை. படம் எடுக்கலாம், குளிர்ச்சியாக ஜூஸ் குடிக்கலாம். ஆனால் அங்கே கடைதான் வேலை. விவசாயத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருக்காது.

நான் பரிந்துரைப்பது சாலையை விட்டு உள்ளே இருப்பவற்றை. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி என்று ஊர்ப்பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் நிறைந்த ராயப்பன்பட்டி பாலக்கரைக்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு வேலைநாளில் போகலாம். விதையில்லாத திராட்சை பார்க்க வேண்டும் என்றால் அது சின்னமனூருக்குக் கிழக்கே ஓடைப்பட்டி. அங்கே பருவம் தனி, தை முதல் பங்குனி வரை.

ஊருக்குள் யாரைக் கேட்பது? டீக்கடையில் கேட்கலாம், ஆனால் உரம், பூச்சிமருந்து விற்கும் கடையில் கேட்பது மேல். எந்தப் பந்தல் எத்தனையாவது நாளில் இருக்கிறது என்பது கடைக்காரருக்கு மனப்பாடமாகத் தெரியும். மருந்து கொடுப்பதே அந்தக் கணக்கில்தானே. “திருச்சியிலிருந்து வர்றோம், அறுப்பு நடக்கிற தோட்டம் ஒண்ணு பார்க்கணும்” என்றால், யாராவது ஒரு அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுப்பார்.

கூட ஒரு கேள்வி: “பழம் யாபாரிகிட்டப் பேசியாச்சா?” பல தோட்டங்களில் அறுப்புக்கு முன்பே விலை பேசி முன்பணம் வாங்கியிருப்பார்கள். அப்படியானால் பந்தலில் தொங்கும் பழம் வியாபாரியுடையது. உங்களுக்கு ஒரு கொத்து வெட்டிக் கொடுக்கத் தோட்டக்காரர் அவரைக் கேட்க வேண்டும். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாமல், பேசி முடிக்காத தோட்டமாகப் பார்த்துப் போவது நல்லது.

பந்தலுக்கு அடியில்

சினிமாவில் பார்த்த வெளிநாட்டுத் தோட்டம்போல இடுப்பளவு செடி வரிசைகளை எதிர்பார்க்காதீர்கள். இங்கே எல்லாம் பந்தல். கல்தூண்களை வரிசையாக நட்டு, மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, ஆறேழு அடி உயரத்தில் கூரைபோலக் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். கீழே கை தடிமனில் முறுக்கிக்கொண்டு நிற்கும் தண்டு, மேலே பச்சை, நடுவில் கொத்துகள். உயரமானவர்கள் தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். நிமிர்ந்தால் கம்பி, இல்லையென்றால் பழம். தொப்பி போடுங்கள். தண்ணீர் பாய்ந்த மண்ணாக இருந்தால் சேறு கணுக்காலைப் பிடிக்கும், நல்ல செருப்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

கொத்து ஒன்றைக் கையில் ஏந்திப் பாருங்கள், பறிக்காமல். பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மாவுப் பூச்சு தெரியும். பலரும் அதை மருந்து என்று நினைத்து வேட்டியில் தேய்ப்பார்கள். அது பழமே சுரக்கும் மெழுகு. விரல் பட்டால் அழிந்து கறுப்பு பளபளக்கும். அழியாமல் இருந்தால் யாரும் அதிகம் கையாளாத பழம் என்று அர்த்தம். மருந்தின் அடையாளம் வேறு. இலையிலும் காம்பிலும் நீலப்பச்சைத் திட்டுகள் காய்ந்திருந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாகக் கண்டுபிடித்தது, இன்றும் கம்பத்தில் அதே நோய்க்கு அதே கலவை. இது போக வேறு மருந்துகளும் அடிப்பார்கள். அவை கண்ணுக்குத் தெரியாது.

ஆகையால் கொடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடாதீர்கள். “மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?” என்று வெளிப்படையாகவே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மோட்டார் கொட்டகைத் தொட்டியில் நன்றாக அலசிவிட்டுச் சாப்பிடுங்கள். மருந்து அடிக்கும் வேலை நடக்கும் தோட்டத்துக்குள், குறிப்பாகக் குழந்தைகளோடு, காலே வைக்காதீர்கள்.

பழுத்ததா என்று பார்க்க நிறத்தை நம்ப வேண்டாம். கொத்தின் தோள்பகுதி முதலில் பழுக்கும், நுனி கடைசியில். தோட்டக்காரர் கொத்தின் அடிநுனியில் இருக்கும் ஒரு பழத்தைப் பறித்துக் கடித்துப் பார்ப்பார். நுனி இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும். மார்க்கெட்டில் கடைக்காரர் கொத்தின் தோளிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி உங்களிடம் நீட்டுவது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். பறித்த பிறகு திராட்சை மேலும் பழுக்காது. புளிப்பாக வாங்கினால் கடைசிவரை புளிப்புதான்.

வேலை நடக்கும்போது வரிசையின் குறுக்கே நிற்காதீர்கள். கத்தரியால் வெட்டி, வெடித்த பழத்தையும் பச்சைக்காயையும் கிள்ளி எடுத்து, டிரேயில் அடுக்கும் பெண்களுக்கு அது கூலி நேரம். படம் எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒயின் பற்றி

நாசிக்கில் 1999-இல் தொடங்கிய சூலா நிறுவனத்துக்குப் போய் வந்தவர்கள், இங்கேயும் மேசை போட்டு நான்கு கிண்ணங்களில் ஊற்றித் தருவார்கள் என்று நினைத்து வருகிறார்கள். இது வேறு ஊர். கம்பத்தில் விளைவது பெரும்பாலும் சாப்பிடும் பழம், ஜூஸுக்கான பழம். தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலை வந்திருக்கிறது என்றாலும், தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். குடும்பத் தோட்டத்தில் ஒயின் கேட்பது அவர்களைத் தர்மசங்கடப்படுத்தும்.

திருச்சிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. பொன்மலை ரயில்வே குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்குப் பல வாரம் முன்பே பன்னீர் திராட்சை வாங்கி ஜாடியில் போடுவது பழைய வழக்கம். வீட்டுச் சமாச்சாரம்தான், ஆனால் புளித்துவிட்டால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இந்தத் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததே 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று புவிசார் குறியீட்டுப் பதிவு சொல்கிறது. பூசைக்கு ஒயின் தேவைப்பட்டவர்கள் கையில் வந்த கொடி, அரசாங்கமே மது விற்கும் மாநிலத்தில் ஜூஸாகப் பிழைத்துக்கொண்டது.

பக்கத்தில் பார்க்க

சுருளி அருவி பக்கத்தில்தான். வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பதால், வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரியுங்கள். அமாவாசை அன்று வேண்டாம். நாம் அம்மா மண்டபத்துக்குப் போவதுபோல அந்த வட்டாரமே தர்ப்பணத்துக்கு அங்கே வந்துவிடும்.

நேரமிருந்தால் லோயர் கேம்ப் போய்ப் பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பாருங்கள். 2013-இல் திறந்தது. அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் தண்ணீரைக் கிழக்கே திருப்பியிராவிட்டால் நீங்கள் பார்த்த பந்தல்கள் இல்லை. ஜனவரி 15 அவர் பிறந்தநாளில் இந்தப் பக்கம் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் படம் இருந்தால் அவர்தான்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

தோட்டத்து விலை நாளுக்கு நாள் மாறும். அன்றைய மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் உங்களிடம் கேட்பார்கள், கொடுங்கள். ஒரு குடும்பத்தின் காலை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். சாப்பிட்ட பழத்துக்கும் சேர்த்து எடை போடச் சொல்வது மரியாதை. நுழைவுக்கட்டணம் என்று எதுவும் இருக்காது, ஆனால் இரண்டு கிலோவாவது வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பன்னீர் திராட்சைக்குத் தோல் மெல்லிது, மணி சீக்கிரம் உதிரும். பாலிதீன் பையில் ஐந்து கிலோ அமுக்கிக் கொண்டுவந்தால் மணப்பாறைக்குள் அடியில் இருப்பது கஷாயமாகிவிடும். வீட்டிலிருந்தே ஆழம் குறைந்த அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் கொண்டுபோங்கள். ஒரே அடுக்காக, காம்பு மேலே பார்க்க அடுக்கி, மேலே ஒரு தாள் போடுங்கள். டிக்கியில் வைக்காதீர்கள், பின்சீட்டுக் காலடியில் வைத்து ஏசி காற்று படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லாத வண்டி என்றால் மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்புவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஈரம் பட்டால் காம்படியில் பூசணம் பிடிக்கும், மெழுகுப் பூச்சும் போய்விடும். கழுவாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து உப்புத் தண்ணீரில் அலசிச் சாப்பிடுங்கள். நான்கைந்து நாள் தாங்கும். வழியில் உதிர்ந்த மணிகளை வீணாக்க வேண்டாம்: தோலோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு, தோலின் நிறம் இறங்கும்வரை மிதமான தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டிச் சர்க்கரை சேருங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும்.